பக்கத்து ஆளின் கேடயம்

எங்கள் மெலித்தாவின் மதில்மேல் நின்று நான் நாற்பது போர்கள் பார்த்திருக்கிறேன். சரி, நாற்பது கொஞ்சம் அதிகம். ஆறு. அந்த ஆறிலும் ஒன்றில், தூரத்துப் புழுதியைப் பார்த்து ஊரே கதவடைத்து, பூசாரி மூன்று தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டு, கடைசியில் வந்து சேர்ந்தது ஓர் ஆட்டுமந்தை. அதைக் கழித்தால் ஐந்து. ஐந்து போர் பார்த்தவளுக்கே வீரர்களைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும் என்பது என் கட்சி.

இன்று நான் உங்கள்முன் கொண்டுவந்து நிறுத்தப் போகிறவர் கோழை அல்லர். கோழையைப் பற்றி எழுதுவது சுலபம். அவன் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடுவான், ஊர் சிரிக்கும், கதை முடிந்தது. இவர் ஓடவே மாட்டார். எல்லாரோடும் சேர்ந்து போர்ப்பாட்டுப் பாடுவார், எல்லாரோடும் சேர்ந்து அடியெடுத்து வைப்பார், எல்லாரோடும் சேர்ந்து வீட்டுக்கு வந்து, எல்லாரையும்விட ஒரு கிண்ணம் கூடுதலாகக் குடிப்பார். இடையில் ஒரே ஒரு காரியம் செய்வார். சாய்வார். வலப்பக்கம்.

ஏன் வலப்பக்கம்? எங்கள் வீரருக்கு இடக்கையில் கேடயம், வலக்கையில் ஈட்டி. வண்டிச் சக்கரம் போன்ற அந்தக் கேடயத்தின் ஒரு பாதி, சுமப்பவரின் இடது உடம்பை மறைக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறுபாதி, இடப்பக்கத்து ஆளின் வலது விலாவை மறைக்கும். அதாவது உங்கள் உயிரில் பாதி உங்கள் கையில் இருக்கிறது, மீதிப் பாதி உங்கள் வலப்பக்கத்துக்காரர் கையில். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் மனிதர்களை ரொம்பவும் நம்பியவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போருக்கே போகாதவராக இருக்க வேண்டும். ஏனென்றால் எதிரே ஈட்டிமுனைகள் பளபளத்ததும் இந்த வலது விலா இருக்கிறதே, அது தலையைக் கேட்காமல் தனியாக யோசிக்கத் தொடங்கிவிடும். இன்னும் ஒரு விரற்கடை பக்கத்துக் கேடயத்துக்குள் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரு விரற்கடைதானே? போகிறார். அவர் போனதும் அவருடைய கேடயமும் கூடவே போய்விடுகிறது. இடப்பக்கத்தில் நிற்பவரின் விலா திடீரென்று காற்று வாங்குகிறது. அவரும் நகர்கிறார். அவருக்கு இடப்பக்கத்தில் இருப்பவரும். ஆக, நேராகப் போகிறோம் என்று நம்பிக்கொண்டே முந்நூறு பேரும் நண்டுபோலப் போவார்கள்.

எல்லாரும் கொஞ்சம் சாய்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் சாய்வதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். எங்கள் ஊரில் அவர் பெயர் மிக்கியோன்.

மிக்கியோன் ஊர்ச்சபைக்கு வரும் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் வரமாட்டார். யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தூண் ஓரத்தில் நின்று நோட்டம் விட்டு, விஷயம் தெரிந்தவராகவும் குரல் பெரியவராகவும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு இடப்பக்கத்தில் வந்து, "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று ஒட்டிக்கொள்வார். வாக்கெடுப்பு நடக்கும்போது அவர் கை பாதி உயரும். பாதியில் நின்று காதைச் சொறியும். பக்கத்துக் கை முழுதாக உயர்ந்தால் காது அரிப்பு நின்று இவர் கையும் உயரும். பக்கத்துக் கை கீழே இருந்தால் காதுதான் அரித்தது. "நான் சொல்ல வந்ததைத்தான் அவரும் சொன்னாரு" என்பது அவர் வாயில் நான் அதிகம் கேட்ட வாக்கியம். சொல்ல வந்ததை அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

விருந்தில் மது எப்படி என்று கேளுங்கள். "லம்பிஸ் ஐயா என்ன சொல்றாரு?" என்பார். லம்பிஸ் எங்கள் படைத்தலைவர். புளித்த காடியைக் கொடுத்தாலும் நன்றாயிருக்கிறது என்பவர். ஆடு காணாமல் போன வழக்கில் மிக்கியோன் சாட்சி சொன்னபோது, "பாத்த ஒருத்தரை நான் பாத்தேன்" என்றார். போருக்குப் புறப்படச் சொல்லிப் பெயர்ப்பட்டியல் மாட்டினால் ஒவ்வொருவரும் மூன்று நாள் உணவு கட்டிக்கொண்டு போக வேண்டும்: வாற்கோதுமை மாவு, பாலாடைக்கட்டி, வெங்காயம். மிக்கியோன் மாவு கொண்டு போவார். பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வலப்பக்கத்து ஆளின் பையில் இருக்கும்.

அவர் மனைவி அர்கிப்பாவிடம் ஊற்றடியில் கேட்டேன், வீட்டிலாவது நேராக இருப்பாரா என்று.

"வீட்லயா? கல்யாணமான நாள்லேர்ந்து நான் கட்டிலோட வலது ஓரத்துலதான் படுக்கறேன் அக்கா. ரெண்டு தடவை கீழ விழுந்திருக்கேன். 'ஏன் தரையில கெடக்கே'ன்னு என்னையே கேக்கறாரு."

சிரித்தோம். குடம் வழியும்வரை சிரித்தோம். எனக்கு அதற்குமேல் சிரிக்க முடியாமல் போனது, போன கோடையில் பட்டியல் மாட்டப்பட்டபோதுதான். மலைகளுக்கு நடுவிலிருக்கும் மேய்ச்சல் நிலம் யாருடையது என்று எங்களுக்கும் ஓர்கோனா ஊர்க்காரர்களுக்கும் எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து தகராறு. புல் முளைக்கிற வருஷமெல்லாம் போரும் முளைக்கும். அந்தப் பட்டியலில், முன்வரிசையில், மிக்கியோனுக்கு நேர் இடப்பக்கத்தில், என் மருமகன் தெலேசோன் பெயர் இருந்தது. இரண்டு வீடும் ஒரே சந்து. சந்து வரிசைப்படிதான் எங்கள் ஊரில் படைவரிசை.

என் மகள் தியானோவுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம்.

"அம்மா, அவரோட வலப்பக்கம் யாரு?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியும். என் வாயால் சொல்ல வைக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டாள்.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தெய்வத்துக்குக் கோழி நேர்ந்துகொண்டிருப்பீர்கள். நானும் நேர்ந்துகொண்டேன். ஆனால் தெய்வத்துக்கு ஆயிரம் வேலை. அதனால் நானே ஒரு வேலை செய்தேன்.

படையின் வலக்கோடி என்று ஓர் இடம் உண்டு. அதற்கு வலப்பக்கத்தில் யாரும் கிடையாது, ஒதுங்கக் கேடயமும் கிடையாது, காற்றும் எதிரியும்தான். அதனால்தான் அதை மிகப் பெரிய கௌரவம் என்று வைத்திருக்கிறார்கள். கௌரவம் என்று சொல்லாவிட்டால் யார் போய் நிற்பார்கள்? அந்த இடத்தில் பதினைந்து வருஷம் நின்ற கிழவர் பனிக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். இடம் காலி. மிக்கியோனை அங்கே அனுப்பிவிட்டால், என் மருமகனின் வலப்பக்கத்துக்குச் சந்தின் அடுத்த வீட்டுக் கொல்லன் வருவான். அவன் நகர்ந்தால் நிலநடுக்கம் என்று அர்த்தம்.

ஊற்றடிக்குப் போனேன். "வலக்கோடிக்கு மிக்கியோனை விட்டா வேற யாரு இருக்கா?" என்று இரண்டு பேரிடம் சொன்னேன். மறுநாள் ஆறு பேர் அதை என்னிடமே வந்து சொன்னார்கள். மூன்றாம் நாள் அது ஆண்களின் சொந்தக் கருத்தாகிவிட்டது. நான்காம் நாள் லம்பிஸ் ஊர்ச்சபையில் எழுந்து, "நான் ரொம்ப நாளா யோசிச்சு வெச்சிருந்தது" என்று தொடங்கினார்.

மிக்கியோன் தன் பெயரைக் கேட்டதும் வெளுத்துப் போனாராம். ஆனாலும் பழக்கம் பழக்கம்தானே? கை பாதி உயர்ந்தது, காதைச் சொறிந்தது, வலப்பக்கம் பார்த்தது. வலப்பக்கத்துக் கை உயர்ந்திருந்தது. இவர் கையும் முழுதாக உயர்ந்துவிட்டது. ஒரு வாக்குக்கூட எதிராக விழவில்லை.

அன்று சாயங்காலம் அர்கிப்பா ஊற்றடியில் எனக்காகக் காத்திருந்தாள். குடம் கொண்டு வரவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்குப் பெரிய மரியாதை வாங்கிக் குடுத்தியாமே, அக்கா?"

"நானா? சபைதானே..."

"சபையாவது மண்ணாவது. உன் மருமகன் விலாவுக்கு நல்ல கேடயம் வேணும். அதுக்கு என் புருஷன் காத்துல நிக்கணும். அவ்வளவுதானே?"

என் குடம் நிறைந்துவிட்டது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் தெலேசோன் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். "அத்தை, எனக்கும் மரியாதை வந்திருக்கு! வலக்கோடிக்குப் பக்கத்து எடம்!"

"உனக்கு எதுக்குடா? மிக்கியோனைத்தானே அனுப்பினாங்க?"

"பதினெட்டு வயசுல சத்தியம் பண்ணோமே, 'என் பக்கத்தில் நிற்பவனை எங்கே நின்றாலும் கைவிட மாட்டேன்'னு? மிக்கியோன் அண்ணன் பக்கத்துல நிக்கறவன் நான். அவரு எங்கயோ அங்கதான் நான். லம்பிஸ் ஐயாவே சொல்லிட்டாரு, சத்தியம் சத்தியம்தான்னு."

மேய்ச்சல் நிலத்து எல்லைக்கல்லை இரவோடு இரவாக நகர்த்துகிற எங்கள் ஊர், மூன்று தெய்வங்கள் பெயரில் கொடுத்த வாக்கை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிற எங்கள் ஊர், அந்த ஒரு சத்தியத்தை மட்டும் அன்றைக்கு எழுத்துக்கு எழுத்து காப்பாற்றியது. தியானோ கையிலிருந்த பருப்புக் கிண்ணத்தைச் சுவரில் எறிந்தாள். என்மேல் எறியாதது பெற்றவள்மேல் உள்ள பாசம்.

போர்நாள் காலையில் பெண்கள் எல்லாரும் மதில்மேல். என் ஒரு பக்கத்தில் தியானோ, மறுபக்கத்தில் அர்கிப்பா. அர்கிப்பா என்னோடு பேசவில்லை, ஆனால் அங்கேதான் நின்றாள். அந்த இடத்திலிருந்துதான் வலக்கோடி நன்றாகத் தெரியும். கீழே எங்கள் முந்நூறு பேரின் முதுகு. எதிரே ஓர்கோனாவின் முந்நூறு முகம். ஆட்டை வெட்டி ஈரலைப் பார்த்தார்கள். ஈரல் சரியில்லை. இன்னோர் ஆட்டை வெட்டினார்கள். மூன்றாவது ஆட்டில் தெய்வம் சம்மதித்தது. குழலூதி ஊதினான். தலைக்கவசங்களை முகத்துக்கு இறக்கினார்கள். அதை இறக்கியபின் ஒட்டி நிற்பவர் பேச்சைத் தவிர எதுவும் காதில் விழாது, கண்ணுக்கு முன்னே ஒரு பிளவில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் உலகம். அந்தக் கோடைப் புழுதியில் அதுவும் இல்லை.

நடந்தார்கள். முதல் நூறு அடி ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு எங்கள் வரிசை வலப்பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. ஓர்கோனாக்காரர்களுக்கும் விலா இருக்கிறதல்லவா? அவர்களும் அவர்களுடைய வலப்பக்கம் ஒதுங்கினார்கள். மேலிருந்து பார்த்தால், ஒரே வாசலில் எதிரெதிரே வந்துவிட்ட இரண்டு மரியாதைக்காரர்கள் மாதிரி இருந்தது: நீங்க போங்க, இல்லையில்லை நீங்க போங்க.

"மோதப் போறாங்க!" என்று தியானோ கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது மோதல் முடிந்திருக்கவில்லை, தொடங்கவும் இல்லை. இரண்டு படையும் ஒன்றையொன்று தாண்டிப் போய்விட்டிருந்தன.

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இதில் கூட்டவில்லை, வேண்டுமானால் பத்தடி கூட்டியிருப்பேன். எங்கள் ஆட்கள் போர்ப்பாட்டை முழங்கிக்கொண்டே வலது ஓரத்திலிருந்த வறண்ட ஆற்றின் கரைக்குப் போய், புழுதியோடு புழுதியாக உள்ளே இறங்கி, கண்ணிலிருந்தே மறைந்தார்கள். முந்நூறு பேரை ஆறு விழுங்கியது. ஓர்கோனாவின் படை எங்கள் களத்துமேட்டைக் கடந்து, அத்தித் தோப்பைக் கடந்து, நேராக எங்கள் மதிலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

ஊரில் ஆண்பிள்ளை என்றால் பல் போனவர்களும் பல் முளைக்காதவர்களும்தான். நாங்கள் கூரை ஓடுகளைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டோம். கீழே அவர்களுடைய தலைவர் கவசத்தைத் தூக்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா, இது எந்த ஊரு?"

"மெலித்தா" என்றேன்.

"மெலித்தாவா?" என்று தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்ப உங்க ஆளுங்க எங்க?"

"அதை நாங்கதான் உங்களைக் கேக்கணும்."

அவர் மதிலின் உயரத்தை ஒருமுறை கண்ணால் அளந்தார். பிறகு, "அந்த ஓட்டைக் கீழ வெச்சுட்டுக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார். முதல் ஓட்டை அர்கிப்பா போட்டாள். குறி தவறவில்லை. அதற்குப்பின் அவர்கள் தண்ணீர் கேட்கவில்லை. வந்த வழியே போய்விட்டார்கள். போகும்போது அத்திப்பழம் பறித்துக்கொண்டு போனார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பொழுது சாய்ந்தபோது ஆற்றங்கரைப் பக்கம் எங்கள் ஆட்கள் தெரிந்தார்கள். அவர்கள் ஓர்கோனாவின் ஆட்டுப்பட்டிவரை போய், அந்த ஊர்ப் பெண்களிடம் ஓட்டடி பட்டுத் திரும்பியிருந்தார்கள். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முன்னால் நான்கு பேர் ஒரு கேடயத்தைத் தூக்கி வந்தார்கள். அதில் ஒரு மனிதன் கிடந்தான்.

அப்படி முன்னால் வந்தவர்கள் வலக்கோடி ஆட்கள்தான். தியானோ என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் நெளிந்தது. அந்தப் பக்கம் அர்கிப்பாவும் என் தோளைப் பிடித்திருந்தாள்; பேசாதவள், பிடித்திருந்தாள். அது யார்? இரண்டு பெண்களில் ஒருத்திக்குத்தான் நல்ல சேதி மிச்சம் இருந்தது. நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

கிட்டே வந்ததும், தூக்கி வந்த நால்வரில் முதல் ஆள் தலைக்கவசத்தைக் கழற்றினான். தெலேசோன். தியானோ அழத் தொடங்கினாள். அர்கிப்பாவின் கை என் தோளிலிருந்து போய்விட்டது.

கேடயத்தில் கிடந்த மிக்கியோன் உயிரோடுதான் இருந்தார். கணுக்கால் முறிந்து, காது கிழிந்து, வலியில் எல்லாத் தெய்வங்களையும் முறைவைத்துத் திட்டிக்கொண்டு வந்தார். அன்றைய போரில் இரு தரப்புக்கும் சேர்த்து, ஓட்டடி தவிர, காயம்பட்டவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் இரண்டு ஊரும் வெற்றிக் கம்பம் நட்டன. எதிரி புறமுதுகு காட்டிய இடத்தில் அவன் கவசத்தைத் தொங்கவிட்டு நடுவதுதான் முறை. யாரும் யாருக்கும் முதுகைக் காட்டவில்லை, பக்கத்தைத்தான் காட்டினார்கள். ஆகவே எங்கள் கம்பத்தில் எங்கள் கவசம், அவர்கள் கம்பத்தில் அவர்கள் கவசம். அதற்கடுத்த நாள் ஊர்ச்சபை கூடி, இந்த அவமானத்துக்கு யார் காரணம் என்று விசாரித்தது. விசாரிக்க என்ன இருக்கிறது? வலக்கோடி ஆள் ஒதுங்கினால் படையே ஒதுங்கும். வலக்கோடியில் நின்றவர் ஊரறிந்த சாய்வுக்காரர். மிக்கியோனைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். "நான் நகரவே இல்ல" என்றார். சபை சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. எல்லாக் கையும் உயர்ந்தன. வலக்கோடி மரியாதை பறிபோயிற்று. திருவிழாவில் மாலை போட்டுக்கொள்ளக் கூடாது, விருந்துக்கு வரக் கூடாது. அதற்குப்பின் அவர் பெயர் நண்டு. சின்னப் பிள்ளைகள் அவர் வாசலில் பக்கவாட்டில் நடந்து காட்டுகிறார்கள். அர்கிப்பா இப்போது ஊற்றடிக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டுப் போய்விடுகிறாள்.

ஆகவே, வாசிக்கிறவர்களே, இந்த இனத்தை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள். உங்கள் ஊர்க்கூட்டத்தில் பாதி உயர்ந்து காதைச் சொறியும் கையைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அந்தக் கை எந்தத் தோளிலிருந்து முளைத்திருக்கிறது என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சில சமயம் ரொம்பப் பக்கத்தில் இருக்கும்.

இந்த இடத்தில் முடித்துவிட்டு, எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். தியானோ சிரித்தாள். தொட்டிலில் இருந்ததும் சிரித்தது. தெலேசோன் கேடயத்துத் தோல்வாருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு அத்தை. ஒண்ணுதான் தப்பு."

"எது? பத்தடி கூட்டிச் சொன்னதா?"

"மிக்கியோன் அண்ணன் நகரல." தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னான். "கல்லு மாதிரி நின்னாரு. பயத்துல காலு உறைஞ்சு போச்சோ என்னவோ, எனக்குத் தெரியாது. அவரு கேடயம் என் விலாவை விட்டு ஒரு விரக்கடை வெலகல. நான்தான் அதுக்குள்ள போனேன். எனக்கு இடப்பக்கம் கொல்லன், அவனுக்கு இடப்பக்கம் மீதிப் பேரு, எல்லாரும் சேந்து தள்ளினோம்."

"சபையில இதைச் சொன்னியாடா?"

"எல்லாரும் கை தூக்கினாங்க அத்தை."

அவன் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தான்.

"கரை ஓரம்வரைக்கும் தள்ளினோம். அவரு திரும்பக்கூட இல்ல. 'தள்ளாதே தம்பி, இந்தப் பக்கம் தரை முடிஞ்சுபோச்சு'ன்னு மட்டும் சொல்லிட்டே இருந்தாரு."